மாத்திரை போட்டுவிட்டு ஓடிய ஓட்டம்

12.8.1983, வெள்ளி

மேரி, ஊர் அடங்கிய பிறகு டைரியில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாளை இதைக் கடிதமாக எழுதி அனுப்புவேன்.

நரம்பு வலி மாத்திரை தலைசுற்ற வைக்கும், நடந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று மாலை செமோர் ஊர்ப் பாடாங் திடலில் பெண்பிள்ளைகள் ஓடுவதைக் கண்டதும் நம் கல்லூரித் திடல் நினைவு வந்துவிட்டது. நீ முன்னே, நான் பின்னே. மகளின் கையை விட்டுவிட்டு ஓடினேன். பாதிச் சுற்றில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். தெளிந்து பார்த்தால் பிள்ளை லோங்காங் சாக்கடையின் விளிம்பில் நின்று தண்ணீரை எட்டிப் பார்க்கிறாள்.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர்தான் பாய்ந்து அவளைத் தூக்கினார்.

"டாக்டர் ஜாலான்-ஜாலான்னுதானே சொன்னாரு? நடக்கச் சொன்னா லாரி மாதிரி ஓடுறியே லா!"

மலாயில் ஜாலான் நடை, லாரி ஓட்டம்; சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் வீடு வரும்வரை பிள்ளையைக் கீழே இறக்கவில்லை.

நீ நர்ஸ். மாத்திரை போட்டு எத்தனை நேரம் கழித்து நான் பிள்ளையோடு நடக்கலாம்? சீக்கிரம் பதில் போடு.