வெட்டி எடுத்த மூச்சு

இன்று திருச்சுழி பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் போனைச் சத்தமாக வைத்துக் கதை கேட்டுக்கொண்டு வந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொல்வது யார் என்று ஒரு டாக்டரம்மா தேடுகிறாள். நம் கதைதான். உன் குரல்தான். "யாரு வாசிச்சாகளோ, குலை நடுங்க வைக்கிறாக" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நீ கேட்டிருந்தால் இரண்டு நாளைக்கு உன்னைப் பிடிக்க முடியாது.

திருச்சுழி வட்டாரத்தில் உன் குரலைத் தெரியாதவர் இல்லை. ஆட்டோவில் மைக் கட்டி ஜவுளித் தள்ளுபடியும் பொங்கல் விழாவும் அறிவித்துத் திரிந்தவன் நீ. அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிப் பிழைக்கும் எனக்குச் சென்னையிலிருந்து ஒலிநூல் வேலை வந்தபோது, நாவலை வாசிக்க வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. என் அறையைச் சுற்றி விசைத்தறிகள். கரண்டு போனால்தான் சத்தம் அடங்கும். பகல் முழுக்க மின்தடை என்றால் ஊரே திட்டும். லேப்டாப் பேட்டரியில் பதிவு செய்யும் நமக்கு மட்டும் கொண்டாட்டம். "ஏலே, கரண்டு போயிருச்சா? இந்தா வாரேன்" என்று பஸ் ஏறிவிடுவாய்.

பத்தாவது அத்தியாயத்தில் ஒரு நீள வாக்கியத்தை மூன்று இடத்தில் நிறுத்தினாய். இருமினாய். "எழுதுனவுக முற்றுப்புள்ளியே வைக்கலலே" என்று பழியை அவர் மேல் போட்டாய். காற்றாடி இல்லாத வெக்கை என்று நானும் நினைத்துக்கொண்டேன். இருமலை வெட்டினேன், மூச்சு வாங்கியதை வெட்டினேன், துண்டுகளை ஒட்டினேன். போகப்போக வெட்ட வேண்டியது கூடியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

மதுரைக்குப் போய்க் காட்டச் சொல்லி உன் மனைவி நச்சரித்த அன்று நானும் உன் வீட்டில் இருந்தேன். நீ போனை எடுத்து நான் ஒட்டிய அத்தியாயத்தைப் போட்டாய். "மூச்சு வாங்குதுங்கியே, இதக் கேளு. எங்கயாச்சும் நிக்கிறேனா?" அவள் முழுதும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். அது என் கைவேலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் பெருமையைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். அதன்பின் அவள் வற்புறுத்தவில்லை.

கடைசி அத்தியாயம் முடித்த மூன்றாம் வாரம் உன்னை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இருதயம் பல மாதமாகத் தளர்ந்திருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். "முன்னாடியே மூச்சு வாங்கியிருக்குமே, யாரும் கவனிக்கலையா?"

"இல்லிங்கய்யா, மணிக்கணக்கா வாசிச்சாக, நான் கேட்டேனே" என்றாள் உன் மனைவி. நான் சுவரைப் பார்த்து நின்றேன். மறுநாள் நீ இல்லை.

போன வாரம் அவள் போன் செய்தாள். "அண்ணே, அவுக வாசிச்சது வேற எதுவும் இருக்கா? இருமுனது, சிரிச்சது, எதுனாலும் சரி. கதையில அவுக மாதிரியே இல்ல."

"இல்லம்மா, எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்றேன்.

அழியவில்லை. வெட்டாத பதிவு முழுக்க என்னிடம் இருக்கிறது. கொடுக்கத் தைரியம் இல்லை, அழிக்கவும் கை வரவில்லை. அதில் நீ வரிக்கு வரி திணறுகிறாய். ஓரிடத்தில், "ஏலே, கொஞ்சம் இரு, முடியல" என்கிறாய். உடனே என் குரல் சொல்கிறது: "சரி சரி, மறுபடி முதல்லருந்து வாசி."