ஒரு ஹாரன் அடித்தால் சரி

2001 ஜூன் 2, சனி

காலையிலிருந்து புழுக்கம். எங்கள் கோந்த்வா பேட்டைக்கு மேலே மேகம் வந்து நிற்கிறது, பெய்கிற எண்ணமே இல்லை. இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிசல். துடைத்துக்கொண்டிருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன்.

அடுத்த சனிக்கிழமை டெமோ பாடம். ஏழாம் வகுப்பு, ஆங்கிலம். காலை ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டும். ஒரு சாதாரண வார்த்தை, அதன் பங்காளி வார்த்தைகள், வீட்டிலும் தெருவிலும் அவை எப்படிப் புழங்குகின்றன, இதுதான் பாடம். வார்த்தையை அவர்களே கொடுத்துவிட்டார்கள். ட்ரெயினிங்.

கோயம்புத்தூரை விட்டு வந்த பிறகு ஒரு வகுப்பில் நான் நின்றதே இல்லை. சாக்பீஸ் வாசனைகூட மறந்து போச்சு. இந்த வேலை எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். வெளியே சொன்னால் கண் பட்டுவிடும், இங்கே மட்டும் எழுதுகிறேன்.

சிக்கல்: பள்ளி இருப்பது கேம்ப் என்கிற பழைய ராணுவப் பகுதியில். அந்த நேரத்துக்கு நேர் பஸ் கிடையாது. வேலை கிடைத்தால் தினமும் இதே பாடு. இவருக்கு ஹடப்சரில் காலை ஷிப்ட், வேறு திசை. ஆக, வண்டி. போர்வை போர்த்தி நிறுத்தி வைத்திருக்கும் சாம்பல் நிற ஸ்கூட்டர். போன தடவை நான் நேராகக் கத்தரிக்காய்த் தள்ளுவண்டிக்குள் விட்ட அதே வண்டி.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"சரி அம்மிணி. நாளைக்கே ட்ரெயினிங் ஆரம்பிச்சிருவோம்."

ஃபாக்டரியில் இவருக்குத் தொழிலே அதுதான். புதிதாகச் சேரும் பசங்களுக்கு லேத் மெஷின் பழக்குவது. பாவம் அந்தப் பசங்க என்று இதுவரை நினைத்திருக்கிறேன். இனிமேல் நான்.

ஜூன் 3, ஞாயிறு

கடக்வாஸ்லா ரோடு. அணைக்கு முன்னால் ஆள் இல்லாத இடத்தில் வண்டியை என்னிடம் கொடுத்தார். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

"பிரேக்க அப்படி இறுக்காத அம்மிணி. வண்டி எங்க ஓடிப் போயிரப் போகுது?"

"ஓடறதுக்குத்தானுங்களே வண்டி."

கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

ராணுவப் பள்ளிப் பையன்கள் சைக்கிளில் வரிசையாகப் போனார்கள். எல்லா முதுகும் ஒரே நேர். அது ட்ரில். யோசிக்காமல் கை தானாகச் செய்கிற வரைக்கும் ஒன்றையே செய்வது. பாடத்துக்கு ஆகும். மறக்கக் கூடாது.

சட்டை நனைந்து, தலை கலைந்து, இந்த வயதில் எனக்காக ரோட்டில் ஓடுகிறாரே என்று திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்தில் விட்டேன். முட்டியில் சிராய்ப்பு. திட்டுவார் என்று பார்த்தால் சுட்ட மக்காச்சோளம் வாங்கிக் கொடுத்தார். எலுமிச்சை தடவி, காரம் தூக்கலாக.

ஜூன் 5, செவ்வாய்

சின்னத் தூறல், உடனே நின்றது. கொத்தமல்லி வாடிப் போனது, வாங்க வேண்டும்.

பாடக் குறிப்பு:
டீச்: தலைக்குள் போவது.
ட்ரெயின்: கைகாலுக்குள் போவது.
கோச்: ஆட்டத்துக்கு, பரீட்சைக்கு. பக்கத்தில் நின்று கத்துகிற ஆள். உ.ம். இவர்.
ப்ராக்டீஸ்: தானே செய்வது. கத்த ஆள் வேண்டாம்.
ரிஹர்சல்: நாளை மேடை என்றால் இன்று.

தமிழில் எல்லாவற்றுக்கும் பயிற்சி என்று எழுதிவிடுகிறோம். வாயில் வருவது அதுகூட இல்லை. வண்டி பழகு, நீச்சல் பழகு என்போம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

காதில் விழுந்தவை: கீழ்வீட்டு அம்மா, "எம் பையன் இன்னும் ட்ரெயினிங்லதான் இருக்கான், அமெரிக்கா அப்புறம்தான்." எதிர்வீட்டு ஷுபாங்கி தாயி (இங்கே அக்காவைத் தாயி என்பார்கள்), "பதி கோ பீ ட்ரெயினிங் தேனா படதா ஹை." புருஷனுக்கும் கொடுக்கணுமாம். இதை வகுப்பில் சொல்ல முடியாது.

சாயங்காலம் புது ஏற்பாடு. கூட ஓட முடியாது என்று இவர் தன் பழைய ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். ஒரு ஹாரன் அடித்தால் சரியாகப் போகிறேன். இரண்டு, மெதுவாக. மூன்று, ஓரமாக நிறுத்து. கோந்த்வா கடைவீதி வரை போய் வந்தேன். நிறைய இரண்டு. ஒரே ஒரு ஒன்று. அந்த ஒன்றுக்குப் பட்ட சந்தோஷத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 7, வியாழன்

இந்த ஊரில் வண்டி ஓட்டும் பெண்களுக்கு முகமே கிடையாது. தூசிக்கும் வெயிலுக்கும் பயந்து நெற்றியிலிருந்து கழுத்து வரை துப்பட்டாவைச் சுற்றிவிடுகிறார்கள், கண் மட்டும் வெளியே. எனக்கும் வேண்டும் என்று ஷுபாங்கி தாயி வெள்ளைத் துப்பட்டா கொண்டுவந்து சுற்றிவிட்டார். கண்ணாடியில் யாரோ நின்றார்கள்.

இவர் வேலையிலிருந்து வந்தார். கதவைத் திறந்த என்னிடமே இந்தியில், "தாயி, என் வீட்டுக்காரி உள்ளே இருக்காங்களா" என்று மரியாதையாகக் கேட்டார். இருக்காங்க, காபி போடணுமா என்று தமிழில் கேட்டேன். ராத்திரி வரை சிரிப்பு.

ஜூன் 8, வெள்ளி

நல்ல மழை. ரோடெல்லாம் சேறு.

ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

"நாளைக்கு ஆட்டோ. வேலை கெடச்சா தினமும் ஆட்டோவா?"

"விழுந்து தொலைச்சா?"

"நான் அரை நாள் லீவு போட்டிருக்கேன். பின்னாலயேதான் வருவேன். கண்ணாடில என்னையத் தேடிட்டு இருக்காத. முன்னால பாரு, ஹாரனக் கேளு. அது போதும்."

அது போதுமாம். எனக்கு ராகுகாலத்திலிருந்து எல்லாமே பயம்.

ஜூன் 9, சனி

எங்கே ஆரம்பிப்பது.

காலை மழை இல்லை. வெள்ளைத் துப்பட்டா. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. லுல்லாநகர் சிக்னலில் கூட்டம், நான் கடந்துவிட்டேன். பின்னால் ஒரு ஹாரன். மனசு லேசானது. அடுத்த இறக்கத்தில் இரண்டு ஹாரன், உடனே மெதுவாக்கினேன். வளைவில் திரும்பினால் ஈர மணல் ரோட்டை அடைத்துக் கொட்டிக் கிடக்கிறது. வேகமாக வந்திருந்தால் அங்கேயே சறுக்கியிருப்பேன். அப்புறம் விட்டு விட்டு ஒன்று, ஒன்று, ஒன்று. பள்ளி வாசலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். இவர் மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருப்பார் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாடம் நன்றாகப் போனது. ட்ரில்லுக்குப் பையன்கள் எழுந்து நின்று காட்டினார்கள். ஒருத்தன், எங்க அப்பா நாய்க்கு ட்ரெயினிங் கொடுக்கிறார், ஆனால் நாய்தான் அவரை வாக்கிங் கூட்டிப் போகிறது என்றான். பிரின்சிபாலே சிரித்துவிட்டார். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள், ட்ரெயினிங் முடிஞ்சுதுன்னு எப்படி மிஸ் தெரியும்? பரீட்சை வைத்துப் பார்ப்பார்கள் என்று ஏதோ சொல்லி ஒப்பேற்றினேன்.

வெளியே வந்தால் இவர் எதிர் டீக்கடையில். முகம் வெளிறி. என் பதற்றம் இவருக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். வீடு வந்து காபி கொடுத்துச் சொன்னேன்.

"அந்த இறக்கத்துல ரெண்டு ஹாரன் அடிச்சீங்களே, அதுதானுங்க என்னையக் காப்பாத்துச்சு."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மிணி, நான் அந்த இறக்கத்துக்கே வர்ல."

சிக்னலில் இவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். விட்டதும் முன்னால் வெள்ளைத் துப்பட்டா, சாம்பல் வண்டி. பின்னாலேயே போயிருக்கிறார். "என்னமா ஓட்டினா தெரியுமா? எங்க அம்மிணியா இதுன்னு பெருமையா இருந்துச்சு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு ஹாரன் குடுத்தேன்." வண்டி ஸ்வார்கேட் பக்கம் திரும்ப, நான் வழி தப்பிவிட்டேன் என்று மூன்று ஹாரன். அவள் இன்னும் வேகம். திரும்ப மூன்று. ஒரு காலேஜ் வாசலில் நிறுத்தி, துப்பட்டாவை இறக்கினாளாம். இருபது வயதுப் பெண்.

"காய் ஹோ காகா, மாகே மாகே கா யேதாய்?" ஏன் மாமா, பின்னாலேயே வர்றீங்க?

வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். பதற்றத்தில் இவருக்கு மராத்தியும் வரவில்லை, தெரிந்த இந்தியும் வரவில்லை. வாயில் வந்தது ஒன்றுதான். ட்ரெயினிங், ட்ரெயினிங். வாட்ச்மேன் கேட்டாராம், யாருக்கு?

அந்தப் பெண்தான் கடைசியில் புரிந்துகொண்டு சிரித்தாளாம். மாமிகிட்ட போங்க சீக்கிரம் என்று அனுப்பிவிட்டாளாம். காகா என்று கூப்பிட்டதுதான் இவருக்கு இன்னும் ஆறவில்லை.

நான் சிரித்து சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு வந்து உன் வண்டி ஸ்டாண்டுல நிக்கறதப் பாத்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. தனியா விட்டுட்டனே உன்னைய."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்த ஹாரன் எல்லாம் யாருடையதோ. டெம்போக்காரன், பால்காரன், எவனோ. முழு ரோட்டிலும் என் பின்னால் யாரும் இல்லை. கொஞ்சம் அழுதேன், பயத்தில் இல்லை.

கடைசி பெஞ்ச் பெண் இப்போது கேட்டால் வேறு பதில் சொல்வேன்.

ஜூன் 10, ஞாயிறு

மழை விடவில்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. வெள்ளைத் துப்பட்டா சமையலறைக் கொடியில்.

பிரின்சிபால் ஃபோன். நாளை சேர வேண்டும். இவர் கேசரி கிளறினார், கட்டி தட்டிப் போனது, முழுக்கச் சாப்பிட்டேன்.

"நாளைக்கு நானும் பின்னால வரட்டுமா?" முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

வேண்டாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "லுல்லாநகர் வரைக்கும் வாங்க" என்றேன்.

வாங்க வேண்டியது: கொத்தமல்லி, சாக்பீஸ் டப்பா, வண்டிக் கண்ணாடியில் கட்ட சிவப்பு ரிப்பன். இவர் என்னைக் கண்டுபிடிக்க.