கீரைக்கு இழுக்கும் மூச்சு

5 ஜூலை, சனி

காலையிலிருந்து மழை; இந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம். துணி உலரவில்லை. ஹீட்டர் முன்னால் சாக்ஸ் வரிசை.

சுதாவுக்குக் கரு கலைந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. நர்ஸ் வேலைக்கு இன்னும் திரும்பவில்லை. அழவும் இல்லை. டீ, ரஸ்க், அவ்வளவுதான். புருஷன் நான் வைத்த சாம்பாரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை (அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது). பயமாக இருக்கிறது.

வாங்க: பால், பல்பு, மிளகு.

6 ஜூலை, ஞாயிறு

தூறல். மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு எகிப்துச் சாப்பாட்டுக் கடை. கணவர் கல்லாவில், மனைவி அடுப்பில். சுதாவை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன்.

"நீங்க சாப்பிடுங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

கொஷாரி வந்தது. சோறு, அதன்மேல் மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, முறுகலாக வறுத்த வெங்காயம். யார் இப்படிக் கலப்பார்கள்! ஆனால் என்ன ருசி. அவள் தொடவில்லை.

திடீரென்று அடுப்படியில் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழப்போகிறவர் மாதிரி. நான் நிமிர்வதற்குள் சுதாவின் நாற்காலி கீழே கிடந்தது. கட்டிலைவிட்டு எழவே யோசிக்கிறவள், ஓடியிருந்தாள்!

உள்ளே போனால், அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறாள். அந்த அம்மாளோ கையில் கரண்டியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். சிரிப்புக்கு நடுவே இங்கிலீஷில் சொன்னார்:

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. முலுக்கியா கீரைல பூண்டு கொட்டும்போது இப்படி மூச்சை இழுக்கணும். இல்லன்னா ருசி வராது. எங்க ஊர்ல எல்லா வீட்லயும் இப்படித்தான்."

பூண்டு, கொத்தமல்லி விதை, நெய். நம் தாளிப்பேதான். ஆனால் தாளிப்புக்கு ஒரு மூச்சு! மலைத்துப்போய் நின்றேன். கரண்டியில் நீட்டிய கீரையைச் சுதா மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

8 ஜூலை, செவ்வாய்

வெயில், ஆனால் குளிர். மறுபடி டீ, ரஸ்க். ஞாயிற்றுக்கிழமையை நம்பி ஏமாந்தேன். பஸ்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா போனில்: "ஓம், நான் சாப்பிட்டனான். நீ முதல்ல சாப்பிடு." எல்லார் வீட்டிலும் இதே பேச்சு போல.

பல்பு மாற்றியாச்சு.

10 ஜூலை, வியாழன்

ஆபீஸிலிருந்து வந்தால் வாசல்வரை நெய் மணம். சுதா அடுப்பின் முன்னால். மிளகு ரசம். சின்னக் கரண்டியில் கடுகும் பூண்டும் பொரிகின்றன. பாத்திரத்தின்மேல் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். பிறகு மூச்சை இழுத்தாள். அந்த அம்மாளைவிடப் பெரிதாக. கொட்டினாள்.

இழுத்த மூச்சு அழுகையாக வெளியே வந்தது. இத்தனை நாள் வராத அழுகை.  எனக்கு அடுப்பை அணைக்க மட்டும்தான் தெரிந்தது.

வெகுநேரம். பிறகு ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ரசம் ஆறுது. தட்டை எடுங்க. ரெண்டு."