இத்தாலிக்காரிக்கு அளவெடுத்த கதை

அன்புள்ள சில்வண்டுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்களா, அங்கே குளிர் குறைந்ததா, உன் முதுகுவலி தேவலையா? இங்கே நானும் அப்பாவும் சுகம், ஷெட்டில் இருக்கும் உன் இத்தாலிச் சின்னம்மாவும் பரம சுகம். அவளுக்கென்ன குறைச்சல், தினமும் மெத்தென்ற துணியால் துடைத்துவிடவும் மழை வந்தால் ஓடிப்போய்ப் போர்த்திவிடவும் ஆள் இருக்கிறது. எனக்கு இருமல் வந்தால் மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்று கையைக் காட்டுகிற மனுஷன், அவள் லேசாக இருமினால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடுகிறார். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் கத்த முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

போன தடவை நீ வந்தபோது அவளைக் கதவும் தரையும் இல்லாமல் எலும்புக்கூடாகத்தானே பார்த்தாய். இப்போது பார்த்தால் நம்பமாட்டாய். துருப்பிடித்த அடித்தகட்டை எல்லாம் வெட்டியெடுத்துப் புதிதாக வைத்து, என்ஜினைக் கடைசி நட்டுவரை கழற்றி மாட்டி, கருநீலத்தில் பெயின்ட் அடித்து, அந்தச் சரிந்த முதுகும் உருண்டைக் கண்ணுமாக நிற்கிறாள், சக்களத்தி என்றாலும் அழகியை அழகி என்று சொல்லத்தானே வேண்டும். லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்பாவுக்கு இவள்தான் உலகம். பழைய கார்களுக்கென்றே நடக்கிற பந்தயத்தில் இவளை ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது எத்தனை வருஷத்து ஆசை என்று உனக்கே தெரியும். அதனால்தான், அப்பாவுக்குத் தலைசுற்றல் வருகிறது, எப்படியாவது தடுத்துவிடு அம்மா என்று நீ போனில் அழுதபோது சரி என்று சத்தியம் செய்துவிட்டேனே தவிர, எனக்கு வாயே வரவில்லை. டாக்டர் என்னவோ ஊருக்குள் மெதுவாக ஓட்டலாம் என்றுதான் சொன்னார். அப்பா அதில் ஓட்டலாம் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்த ஆசையை உடைக்கிற ஆளாக நான் இருக்க வேண்டுமா என்று ராத்திரியெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

இதற்கு நடுவில்தான் இருக்கை விவகாரம். சாதாரண வண்டியில் இருக்கையை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம் இல்லையா, பந்தய வண்டியில் அதெல்லாம் ஆகாதாம். ஒரே இடத்தில் அசையாமல் பற்றவைத்து, அதைச் சுற்றி இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, தோளுக்கு மேலே வருகிற பட்டையையும் அந்தக் கூண்டோடு சேர்த்துப் பூட்டவேண்டும். அப்பாவுக்கோ எதையும் வெளியே நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால்தான் திருப்தி. அதனால் நான் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், ஒரு நிமிஷம் உக்காரேன், அளவு பாத்துக்கறேன் என்று கூப்பிடுவார். நானும் போய் உட்காருவேன். முட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, தோளுக்குப் பின்னால் ஒரு கோடு, தலைக்கு மேலே ஒரு கோடு. தன் உயரத்துக்கு எவ்வளவு கூட்டவேண்டுமோ அதைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். பிறகு என்பது வரவே இல்லை. வெல்டர் வந்தார், கோடு எங்கே இருக்கிறதோ அங்கே பற்றவைத்தார், போய்விட்டார். அதற்கப்புறம் வண்டியை ஷெட்டிலிருந்து எடுப்பதும் விடுவதும்கூட நான்தான். என்ஜின் சத்தத்தை வெளியிலிருந்து கேட்டால்தான் சரியாகத் தெரியும் என்று அவர் வாசலில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படியாக உன் அப்பா ஒரு தடவைகூட அந்த இருக்கையில் உட்காராமலே வண்டியை முடித்துவிட்டார்.

பந்தயத் திடலில் வண்டிகளைச் சோதிக்கும் நாள் வந்தது. அப்பா மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பதுபோல அந்த முழு உடுப்பையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு நின்றார், நானே ஒரு நிமிஷம் சொக்கிப்போய்விட்டேன் போ. ஒரு காலை உள்ளே வைத்தார், முட்டி ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்துக் குனிந்தார், ஹெல்மெட் கூண்டில் டங்கென்று இடித்தது. அந்த நெடிய உடம்பை மடித்து மடித்துப் பார்க்கிறார், உள்ளே போனால்தானே. சோதனை செய்கிறவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சார், இது யாருக்கு அளவெடுத்துத் தச்சது என்று கேட்டார். அங்கே இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அவர் முழங்கை உயரத்தில் கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். முதலில் சிரித்தது நான்தான், சிரித்திருக்கக் கூடாது. அப்பாவின் காது சிவந்துவிட்டது.

அன்றைக்கே ஒரு சுற்று ஓட்டிக்காட்டாவிட்டால் வண்டிக்கு அனுமதி கிடையாது என்றார்கள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே என்னைக் கை காட்டினார். யாரோ ஒருவருடைய ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சில்வண்டு, அந்த இருக்கை அப்படியே அள்ளி எடுத்து வைத்துக்கொண்டது. கால் வைத்த இடத்தில் பெடல், கை நீட்டிய இடத்தில் கியர். கட்டின புடவையைவிடக் கச்சிதம். வேறு வண்டியே ஓடாத தடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை, இறங்கின பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இந்த மாதிரிப் பழைய வண்டியில் யார் தொட்டாலும் கரகரவென்று கத்துமாம் கியர், எனக்கு ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நேர்த் தடத்தில் கொஞ்சம் அழுத்தித்தான் பார்ப்போமே என்று அழுத்தினேன். வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, மெதுவா, மெதுவா என்று பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருந்தவள் நான். எனக்குள்ளே இப்படி ஒரு சந்தோஷம் ஒளிந்திருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

மறுநாள் காலையில் அப்பா ஸ்பானர் பெட்டியோடு ஷெட்டுக்குப் போனார், வெல்டரும் வந்தார். சரிதான், எல்லாவற்றையும் அறுத்துத் தன் அளவுக்கு மாற்றப்போகிறார், இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். போய்ப் பார்த்தால் வெல்டர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், அப்பா பின்பக்கக் கண்ணாடியை என் கண்ணுக்குத் தோதாகக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறார். நான் சொல்ல வந்ததை அவரே சொன்னார். நேத்து குனிஞ்சு நிமிர்ந்தப்பவே தலை ஒரு சுத்து சுத்திடுச்சு, ஓடற வண்டில அப்படி ஆனா என்ன ஆகும், வண்டி போனா இன்னொண்ணு பண்ணிக்கலாம், நீ தனியா என்ன பண்ணுவே என்றார். சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெல்டர் டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அப்புறம்தான், நீ ஓட்டு என்றார். மாட்டேன் என்றேன். இரண்டு நாள் சண்டை போட்டோம். உனக்கு ஆசையில்லைன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லு என்றார். சொல்ல முடியவில்லை.

ஆகவே, நீ கேட்டபடி அப்பாவைத் தடுத்தாயிற்று. ஓட்டப்போவது நான். திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டி முடித்துவிடு. மருத்துவச் சோதனையும் பந்தய உரிமத்துக்கான தேர்வும் முடிந்துவிட்டன. தேர்வு வைத்தவர் ஒரு காலத்தில் என்னிடம் கார் கற்றவராம், என்னைப் பார்த்ததும் அவர்தான் எழுந்து நின்றுவிட்டார். நேற்று வண்டிக் கதவில் ஓட்டுகிறவர் பெயரை எழுத பெயின்டர் வந்தார். மேடம் பேர் என்ன சார் என்று அப்பாவிடம் கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் என்னை இந்தாம்மா, ஏம்மா, சில்வண்டு அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாரே தவிர, பெயரைச் சொன்னதில்லை. வேட்டியைச் சரிசெய்தார், தொண்டையைச் சரிசெய்தார். பிறகு என் முழுப் பெயரையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பெயின்டருக்குச் சரியாகக் கேட்டிருந்தும் இன்னொரு தடவை சொன்னார்.

நீயும் மாப்பிள்ளையும் மனசுக்குப் பிடித்ததெல்லாம் கிடைத்து, நோய்நொடி அண்டாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும், வேறென்ன வேண்டும் எனக்கு. முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார், வெறும் காபியைக் குடித்துப் பசியை ஏமாற்றாதே. பந்தயம் வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அந்த நேரத்தில் எனக்குப் போன் செய்யாதே, நான் நன்றாகத்தான் இருப்பேன். அப்பாவுக்குச் செய். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றுகொண்டிருப்பார். நான் திரும்பி வந்து இறங்குகிறவரை அவருடன் எதையாவது பேசிக்கொண்டே இரு.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா