கூண்டுக்குள் விரித்த சேலை

அம்மா, இன்று காலை என் தலையணை மேல் கிடந்த உன் பழைய சேலையை எடுத்தேன். தைல வாடை இன்னும் போகவில்லை. எடுத்தது நாய்க்குட்டிக்காக.

நான் வேலைக்குப் போனால் குட்டி வீட்டையே குதறுகிறது என்று கம்பிக் கூண்டு வாங்கினேன். உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் கத்தி ஊரைக் கூட்டுகிறது. நாய் டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

"எடுத்ததும் பூட்டுனா எப்படிங்க? கதவத் தொறந்தே வைங்க. உங்க பழைய துணி ஒண்ண விரிச்சுவிடுங்க, தொவைக்காததா. அதுவாப் போய்ப் படுக்கோணும்."

ஆறாம் வகுப்பில் என்னை நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் விட்டாயே, முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த உன்னிடம் நான் கேட்டதும் அதுதான். உன் பழைய சேலை ஒன்று, போர்த்திக்கொள்ள. அடுத்த வாரம் விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புதுப் போர்வையோடு வந்தாய்.

"பழஞ்சேலையக் குடுத்தா மத்த புள்ளைக என்ன நெனைக்கும் சாமி?"

நீ கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "திரும்பிப் பாக்காமப் போங்க, நாலு நாள்ல பழகிரும்" என்றார் வார்டன். நீ அவரைப் பார்த்துத் தலையாட்டினாய். சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல் போனாய்.

பழகித்தான் போனது. விடுமுறைக்கு வந்தால்கூட உன் பக்கத்தில் படுக்கத் தோன்றவில்லை. "மார்க்கு வந்துச்சில்ல?" என்று பின்னாளில் கேட்டாய். வந்தது. சேலத்தில் வேலையும் கிடைத்தது. உன் மேலிருந்த கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்பா போன பிறகு நாமகிரிப்பேட்டையில் நீ தனியாக இருந்தாய். தினமும் போன் செய்வாய்.

"ஒரு எட்டு வந்துட்டுப் போ சாமி. ஊடே வெறிச்சுனு கெடக்குது."

பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். "நாலு நாள்ல பழகிரும்மா" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். உனக்குப் புரிந்துவிட்டது. "செரி சாமி" என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நீ கூப்பிடவே இல்லை. உன் சாவைச் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கூப்பிட்டார்.

துவைக்காத பழைய துணி என்று இந்த வீட்டில் இருந்தது உன் சேலை மட்டும்தான். நீ போனதிலிருந்து அதில்தான் முகத்தைப் புதைத்துத் தூங்குகிறேன், என் வாடையும் அதில்தான் இருக்கிறது. கூண்டுக்குள் விரித்தேன். குட்டி மோந்து பார்த்தது, தானாக உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது.

கதவு திறந்தே இருக்கிறது. இன்று நான் வேலைக்குப் போகவில்லை. அது லேசாக முனகினாலும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், அம்மா. ஒரு நாய்க்குட்டிக்கு ஓடுகிறேன்.