பழைய ரேட்டில் மஸ்கட்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் மாடி ஏசி இரண்டு. ஒன்றில் கேஸ் இல்லை, இன்னொன்றில் எலி ஒயரைக் கடித்திருக்கிறது. ஆடித் தள்ளுபடிக்கு முன் முடித்துத் தர வேண்டும். மேனேஜர் ஏணிக்குக் கீழேயே நின்றார். "கஸ்டமர் வேர்த்துக்கினு பட்டு பாப்பாங்களா பாய்?" பார்க்க மாட்டார்கள். அடுத்த வருடம் முதல் மொத்தக் கடைக்கும் சென்னைக் கம்பெனியோடு ஒப்பந்தம் என்று அவரே சொன்னார். இப்படி என் கையை விட்டுப் போகும் மூன்றாவது கடை இது.

ஏணி மேல் நிற்கும்போதே போன். மஸ்கட் நம்பர். பழைய முதலாளியின் மகன். நான் அங்கே ஆறு வருடம் வேலை பார்த்தபோது பள்ளிக்கூடப் பையன், இப்போது கம்பெனியே அவன் கையில். ஏசி சூப்பர்வைசர் வேலை, மாதம் 350 ரியால். 24ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

பன்னிரண்டு வருடம் கழித்து! இறங்கியதும் டீ இரண்டு குடித்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. முதலில் கணக்கு, பிறகு பொண்டாட்டி.

ஜூலை 15

மஸ்கட், நான் மட்டும்:
ரூவி ஏரியாவில் ரூம் பங்கு 15
மெஸ் 20
போன் கார்டு 5
சில்லறை 5

ஆக 45 ரியால். ரூபாயில் ஐயாயிரத்துச் சொச்சம். சம்பளமோ எழுபத்தெட்டாயிரம். மிச்சம் எழுபத்திரண்டுக்குக் குறையாது. இங்கே நல்ல மாதத்தில் கைக்கு வருவது முப்பத்தைந்து. யோசிக்க என்ன இருக்கிறது?

எழுத எழுத அந்த ரூம் கண்ணில். ஆறு கட்டில். நாலு பேர் ஏசி மெக்கானிக், ஆனால் ரூம் ஏசி வருடம் முழுக்க ரிப்பேர். கடலூர் ஜெயபால் வெள்ளிக்கிழமை ராத்திரி வைக்கும் மீன் குழம்பு. ஐந்து குபூஸ் ரொட்டி அந்த ஊர் நூறு பைசா, ரியாலில் பத்தில் ஒரு பங்கு. பால் இல்லாத சுலைமானி டீ. மொட்டை மாடியில் ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசிய பேச்சு. போகும்போது முப்பது வயதுகூட ஆகவில்லை எனக்கு. இடுப்பு வலி என்றால் என்னவென்று தெரியாது. அதற்குப் பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை.

பால்கார அம்மாவுக்கு நாளை பாக்கி தர வேண்டும்.

ஜூலை 16

ஜெயபாலுக்குப் போன். அவன் இப்போது மலேசியாவில், கிள்ளானில், ஒரு குளிர்பதனக் கிடங்கில். அரை மணி நேரம். பாதி நேரம் சிரிப்பு.

"இங்க வந்துடு பாய். முருங்கக்காய்ல இருந்து முறுக்கு வரைக்கும் கெடைக்கும். எங்க போனாலும் தமிழு. அங்க மாதிரி கையக் கால ஆட்டி பேச வேணாம்."

கணக்குத் தாளில் மலேசியா என்று இரண்டாவது பத்தி போட்டேன். ரிங்கிட் இருபது ரூபாய். சாப்பாடு மலிவு, சம்பளமும் மஸ்கட்டைவிடக் குறைவு. குடும்பம் வரலாமா என்று சும்மா கேட்டு வைத்தேன். "பர்மிட்ல வந்தவனுக்கு அதெல்லாம் இல்ல பாய். நான் மூணு வருசத்துக்கு ஒருக்கா ஊருக்குப் போறேன்." அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும்.

மூன்றாவது பத்தி காஞ்சிபுரம். வாடகை, மளிகை, கேஸ், கரண்ட், அஃப்ரீன் டியூஷன். எழுதி முடிக்கும் முன்பே சலிப்பு. தெரிந்த செலவுதானே.

ஜூலை 18, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பிரியாணி. வயிறு நிறைந்திருக்கும்போது சொல்வதுதான் நல்லது. சொன்னேன்.

பொண்டாட்டி ரெஹானா ஜன்னல் கம்பியில் புடவை முந்தானையைக் கட்டி, நுனி நூல்களைச் சேர்த்துக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தாள். பட்டுக்கடைகள் புடவைக்கு இவ்வளவு என்று தருகிற வேலை. விரல் மட்டும் வேகமானது. மகள் அஃப்ரீன்தான் தாளை வாங்கினாள். பத்தாவது படிக்கிறாள், கணக்கில் என்னைப் போல இல்லை.

"அத்தா, சேலரிய 223ஆல மல்ட்டிப்ளை பண்ணியிருக்கீங்க. செலவ மட்டும் 115ஆல. ரெண்டும் ஒரே ரியால்தானே?"

பார்த்தால், ஆமாம். 115 நான் அங்கிருந்த காலத்து ரேட். ஒருநாள் விடாமல் எக்ஸ்சேஞ்ச் வாசலில் போர்டு பார்த்துப் பார்த்து, வீட்டு நம்பர் போல நாக்கில் ஒட்டிவிட்டது. சம்பளம் இன்றைய ரேட்டில் வருகிறது, செலவு அன்றைய ரேட்டில் போகிறது. நான் கண்டுபிடித்த சொர்க்கம்.

"ரூம் பங்கு பதினஞ்சும் அந்த வருசத்து பதினஞ்சுதானா?" என்றாள் ரெ., நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

மஸ்கட்டில் இப்போது இருக்கிற பையன்களைக் கேட்டுப் புதிதாக எழுதினேன்.

தனியாக: ரூம் 35, மெஸ் 45, மற்றது 15. மிச்சம் 255 ரியால். இன்னமும் நல்ல மிச்சம்தான்.

குடும்பத்தோடு: வாடகை 180, சாப்பாடு 70, பள்ளிக்கூடம் 45, கரண்ட் தண்ணீர் 20, பஸ் 15. மிச்சம் 20 ரியால். வாடகை 130க்கே சின்ன வீடு கிடைக்கும் என்றான் ஒரு பையன். நான் 180 போட்டேன். எதற்கென்று எனக்குத் தெரியும்: தனியாகப் போவதே லாபம் என்று காட்டத்தான்.

சாயங்காலம் அதை ரெ.விடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் தந்தாள்.

"குபூஸ் இன்னா விலைன்னு சொன்னீங்க?"

"அஞ்சு, நூறு பைசா."

"எந்த வருசம்?"

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டு."

"அந்த வருசம் இங்க பால் பாக்கெட் இன்னா விலை?"

தெரியவில்லை.

"வூட்டு வாடகை?"

தெரியவில்லை. நான் அனுப்பிய பணத்தில்தான் கொடுத்தாள். எவ்வளவு என்று நான் கேட்டதே இல்லை.

"அஃப்ரீனுக்கு டைபாய்டு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரில கெடந்துச்சே, அதுக்கு எவ்ளோ ஆச்சு?"

டைபாய்டா? எப்போது?

"ரெண்டு வயசுல. உங்ககிட்ட சொல்லல. சொன்னா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துருவீங்கன்னு சொல்லல. கம்மல அடகு வெச்சேன், அப்புறம் மூட்டுட்டேன்." என் கையிலிருந்த தாளைக் காட்டி, "கணக்குன்னு போட்டா இதுவும்தான் போடணும்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். குழம்புக்கு உப்பு சரியா என்று கேட்பது போலக் கேட்டாள். 

ஜூலை 21

ஓரிக்கையில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம், மண்டபம் காலி, அதனால் சர்வீஸ். ஏழு ஏசி. இரண்டில் குருவிக் கூடு.

மதியம் பாலாற்றுப் பக்கம் வண்டியை நிறுத்தி ஜெயபாலுக்குப் போன். ரூமைப் பற்றிப் பேச வேண்டும் போல இருந்தது. அந்த மீன் குழம்புக்கு என்ன மசாலா போடுவாய் என்று கேட்டேன்.

"மசாலா கெடக்குது பாய். அத எதுக்கு வெச்சேன்னு தெரியுமா? வெள்ளிக்கெழம வூட்டுக்குப் பேசிட்டு வந்து செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவ. ராவுக்கு சாப்புட மாட்ட. மீனு வாசனைக்காவது எழுந்திரிப்பன்னுதான் வெச்சேன். மத்தவனுங்ககூட திட்டுவானுங்க, அவன் ஒருத்தனுக்காவ வாராவாரம் மீனாடான்னு."

எனக்கு இது ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. மீன் ஞாபகம் இருக்கிறது, சுவர் ஞாபகம் இல்லை. பன்னிரண்டு வருடமாக ரூமைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான்.

போனை வைத்த பிறகு அழுகை. மணலில் கிரிக்கெட் ஆடியவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆனாலும் அந்த நாட்கள் வேண்டும் போல்தான் இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன். பொய் சொல்ல இது மற்றவர்கள் படிக்கிற நோட்டு இல்லை.

ஜூலை 22

ராத்திரி மழை. கடை ஷட்டர் அடியில் தண்ணீர். ஸ்க்ரூ டப்பா நனைந்துவிட்டது.

180ஐ அடித்து 130 ஆக்கினேன். இப்போது குடும்பத்தோடு போனால் மிச்சம் 70 ரியால். ரெ.விடம் சொன்னேன்: செப்டம்பரில் நான் முன்னால் போகிறேன், வீடு பார்க்கிறேன், அஃப்ரீன் பரீட்சை முடிந்ததும் ஏப்ரலில் நீங்கள் வாருங்கள்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. முன்னாடி போயி வூடு பாக்கறேன்னு. ஆறு வருசம் பாத்துக்கினே இருந்தீங்க."

"இப்போ நெஜமா சொல்றேம்மா."

"அப்பவும் நெஜமாத்தான் சொன்னீங்க. போனா மூணு பேரும் ஒண்ணா போலாம், ஏப்ரல்ல. இல்லன்னா இங்கயே இருக்கறத சாப்புடலாம். நீங்க மிச்சம் புடிச்சு அனுப்புனதெல்லாம் போதும்ங்க. எனக்கு இந்த வாட்டி மிச்சம் வேணாம்."

தாளை எடுத்தேன். மிச்சம் வேண்டாம் என்பதற்கு அதில் ஒரு பத்தியும் இல்லை.

ஜூலை 23

மஸ்கட்டுக்குப் பேசினேன். ஏப்ரல் என்றதும் அவன் குரல் மாறியது. அரபியும் இந்தியும் கலந்து கொஞ்சம் திட்டு. சூப்பர்வைசர் அதுவரை காத்திருக்க முடியாதாம், வேறு ஆளைப் போடுவானாம். ஒரு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். ஏப்ரலில் வந்தால் ஃபோர்மேன் வேலை, 310 ரியால். அவன் அப்பா சொன்னதற்காக. குடும்ப விசாவுக்குக் கம்பெனி எழுதித் தரும்.

310 கழித்தல் 280. மிச்சம் 30. அஃப்ரீனுக்கு ஒரு ஜுரம் வந்தால் அதுவும் இல்லை. அதுவரை எட்டு மாதம் இங்கே கடைகள் வேறு குறைந்துகொண்டே வரும்.

சரி என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் கழித்துப் பார்த்தேன், அதே 30. இருபத்தேழு வயதில் போகும்போது இப்படிக் கழித்துப் பார்க்கவில்லை.

அஃப்ரீன் கேட்டது ஒன்றுதான்: "அங்க ஸ்கூல்ல ஃபேன் இருக்குமா, ஏசியா?" ஏசி என்றேன். ரிப்பேர் ஆனால் நான் வருவேன் என்றேன். "ஐயோ அத்தா, ஸ்கூலுக்கெல்லாம் வந்துடாதீங்க."

ஜூலை 24, வியாழன்

அமாவாசை. நெசவாளர்களுக்கு லீவு, தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. தறியிலிருந்து புடவை வராததால் ரெ.வுக்கும் குஞ்சம் இல்லை. நல்ல நாள் பார்த்து ஸ்டூடியோவுக்குப் போனோம். கம்பெனிக்கு அனுப்ப மூன்று பேர் போட்டோ, பின்னால் வெள்ளை.

நான், ஒரே தடவை. அஃப்ரீன், இரண்டு. ரெ. உட்கார்ந்ததும் சிரித்துவிட்டாள். "வாய மூடிக்கினு நேரா பாருங்கம்மா, விசாவுக்கு சிரிக்கக் கூடாது" என்றார் போட்டோக்காரர். மூடினாள். ஃபிளாஷ் வரும்போது மறுபடி சிரிப்பு. மூன்றாவதிலும் அதேதான். நான்காவதில்தான் சரியாக வந்தது.

வேண்டாத மூன்றையும் அழிக்கப் போனார். வேண்டாம், பெரிதாக பிரிண்ட் போடுங்கள் என்றேன். ஒன்று அறுபது ரூபாய். ரூபாயிலேயே கொடுத்தேன், எந்த ரேட்டாலும் பெருக்கிப் பார்க்கவில்லை.