வாடகைக்கு இருப்பவளாம்

சிட்னி, 1976 ஆகஸ்ட் 12, வியாழன் இரவு

அருவருப்பில் இன்று சோறு இறங்கவில்லை. என் அங்கவீனர் பென்சன் தரும் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒருவன் வந்தான். மரகதமும் நானும் புருஷன் பெண்சாதியாக வாழ்கிறோமா என்று பார்க்க வந்தானாம். அப்படி வாழ்ந்தால் பென்சனைக் குறைப்பார்களாம். எங்கள் போர்வையைத் தூக்கிப் பார்த்தான். குளியலறையில் பல் தூரிகைகளைக்கூடத் தொட்டுப் பார்த்தான். சீ!

கடைசியில் மரகதத்திடம் என் பெயரைக் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். நான் தாலி கட்டாவிட்டாலும், அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் சிரித்தான். "பெயர்கூடத் தெரியவில்லை. அப்படியென்றால் வாடகைக்கு இருப்பவள்தான்" என்று எழுதிக்கொண்டு போனான். பென்சன் தப்பியது. நான் வாயைத் திறக்கவில்லை.

கதவைச் சாத்தியதும் மரகதம் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அப்ப நான் இந்த வீட்டில ஆர்?"

"அவன் ஒரு விசரன். விடும்."

"அவனை விடுங்கோ. உங்களைத்தான் கேக்கிறன்."

எனக்கு இந்த வயதில் எழுத்துப் பழக்கியவள் அவள். இவ்வளவையும் நானே எழுதிவிட்டேன் என்று ஒரு பக்கம் சந்தோஷம். எழுதியதை வாசித்தால் அவனைவிட என்மேல்தான் அருவருப்பு வருகிறது. நாளைக்கே கந்தோருக்குப் போய் மரகதம் என் பெண்சாதி என்று சொல்லப்போகிறேன். பென்சனில் வெட்டுவதை வெட்டட்டும்.

அவளிடம் இதைச் சொல்ல எழுந்து போனேன். தலையணையோடு முன்னறைக்குப் போய்ப் படுத்திருக்கிறாள்.

"வாடகைக்காரியின்ர அறைக்குள்ள தட்டாமல் வராதேங்கோ" என்கிறாள்.